மாமனாரின் பத்மினியும் புதிய காரும்: கோத்தகிரி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கிறேன், குன்னூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் மாமனார் 1978-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், அவர் காலமான பிறகு ஆறு ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றும் காலாவதியாகிவிட்டது. மூன்று லட்சம் ரூபாய் செலவழித்தால் புத்தம் புதிதாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பழைய வண்டியின் தகடு கெட்டி, மலைக்கு அதுதான் பாதுகாப்பு, அதையே தினமும் பள்ளிக்கு ஓட்டலாம் என்கிறார் என் கணவர். அதை விற்றுவிட்டுப் புதிய கார் வாங்கலாம் என்கிறான் மகன். வாரம் ஒருமுறை நான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியும் இருக்கிறது. எது சரி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். குன்னூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். தினமும் பள்ளிக்குப் போய்வரவும் வாரந்தோறும் மேட்டுப்பாளையம் இறங்கவும் இன்றைய கார் ஒன்றை வாங்குங்கள். பத்மினியை விற்க வேண்டாம். ஆனால் அதைப் 'புத்தம் புதிதாக்க' மூன்று லட்சத்தை ஒரே மூச்சில் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி அவர் நினைக்கும் இடத்தில் இல்லை என்பதுதான் சிக்கல்.

உங்கள் வீட்டில் நிற்பது அடிப்படையில் இத்தாலிய ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை 1964 முதல் தயாரித்த அந்த வண்டிக்குப் பின்னர் பிரீமியர் பிரசிடென்ட் என்றும், அதன்பின் பத்மினி என்றும் பெயர் மாறியது. 1089 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 40 குதிரைத்திறன், ஸ்டியரிங் தண்டிலேயே கைக்கியர், பின்சக்கர இழுவை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இந்தப் பட்டியலில் மலைக்காரர்கள் எப்போதும் எஞ்சினைப் பற்றியே பேசுவார்கள்: 'நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் அரவேனு ஏற்றத்தை ஏறிவிடும்' என்பார்கள். ஏறத்தான் ஏறும். நான் முதலில் கேட்பது, அது எப்படி இறங்கும் என்பதையே.

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1790 மீட்டர் உயரத்திலும், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரிலும் இருக்கின்றன. இடையே சுமார் 1450 மீட்டர் இறக்கம். ஆட்களோடும் சாமான்களோடும் 1200 கிலோ எடையுள்ள கார் ஒன்று அவ்வளவு தூரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை அப்படியே வெப்பமாக மாற்றினால், சுமார் ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றின் தடையும் சக்கரங்களின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் அந்த ஐம்பது லிட்டர் வெந்நீர் முழுவதையும் பிரேக்கின் தலையில் ஊற்றுகிறார்கள்.

டிரம் பிரேக் என்பது மூடிய பாத்திரம்போல. சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம்தான் டிரம்; அதன் உள்ளே ஷூ என்னும் பிறை வடிவப் பட்டைகள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து அதை அழுத்துகின்றன. உண்டாகும் வெப்பம் வெளியேற வழி குறைவு. டிரம் சூடேறினால் இரும்பு விரிந்து ஷூவை விட்டு விலகும், ஆகவே பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும். ஷூவின் மேலுள்ள லைனிங் காய்ந்து வழுவழுப்பாகிவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு வராது. மூன்றாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. ஆறு ஆண்டுகளாக மூடுபனிக்கு நடுவே நின்ற உங்கள் வண்டியில் இருக்கும் ஆயில் எந்த எல்லையில் இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. ஆகவே மிதித்த கால் பஞ்சில் புதைவதுபோலத் தரையைத் தொடும். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய் இணைப்புதான். சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்றின் ரப்பர் பிய்ந்தாலே நான்கு பிரேக்கும் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொழில் பழகிக்கொண்டிருந்த வயதில், வேலை முடித்த ஒரு பழைய காரை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க மேட்டுப்பாளையத்துக்கு ஓட்டிப் போனேன். வழியிலுள்ள குஞ்சப்பனைக்கு மேலேயே தீய்ந்த வாடை வந்தது. எதிரே வந்த லாரியின் வாடை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவில் பெடல் பாதிக்கும் கீழே போனது. இரண்டு மூன்று முறை அடித்து அடித்து மிதித்து, முதல் கியருக்குத் தள்ளி, மலையை ஒட்டிய வடிகாலில் சக்கரத்தை உரசித்தான் நிறுத்த முடிந்தது. இறங்கிப் பார்த்தபோது முன்சக்கர வீல் கப்பின் மேல் விழுந்த தூறல் துளிகள் 'சுர்' என்று ஆவியாகின. பக்கத்திலிருந்த ஓடைத் தண்ணீரை எடுத்து ஊற்றப் போன என் கையை, கூட வந்த பெரியவர் ஒருவர் தட்டிவிட்டார். காய்ந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் டிரம் விரிசல் விட்டுவிடும். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். 'ஏறின கியரிலேயே இறங்கணும்பா' என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. நான் மூன்றாவது கியரில் இறங்கியிருந்தேன்.

இன்றைய கார்களில் முன்சக்கரத்துக்கு, சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் இருக்கிறது. அது திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. சூட்டில் விரிந்தாலும், அதைக் கவ்வும் பிரேக் பேட் பக்கமாகவே விரிகிறது. பிரேக் குழாய்கள் இரண்டு தனிப் பிரிவுகளாக இருப்பதால், ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வழிந்து வரும் செம்மண் சேற்றில் அவசரமாக மிதிக்கும்போது, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் ஸ்டியரிங் உங்கள் சொல்லைக் கேட்க வைப்பது அதுதான். பத்மினியில் அதே வேலையை உங்கள் பாதம் செய்ய வேண்டும். பதற்றத்தில் எத்தனை பேருடைய பாதம் அதைச் செய்யும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். பள்ளத்திலிருந்து வண்டிகளைத் தூக்கிக் கொண்டுவருவதும் என் தொழிலில் ஒரு பகுதி.

அதற்காகப் புதிய கார் வாங்கிவிட்டால் எப்படியும் இறங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் மிச்சத்துக்காக எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டால், பிரேக்குக்குத் துணை நிற்கும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துபோய்ப் பெடல் கல்லாகிவிடும். கியரை மாற்றும் வேலை இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகளில் சமவெளிக்காரர்கள் 'டி' (டிரைவ்) நிலையிலேயே வைத்து இறங்கி, குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பர்லியாரில் புகையோடு நிற்பதை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பார்க்கிறேன். எந்த வண்டியானாலும் எஞ்சின்தான் முதல் பிரேக்.

இனி உங்கள் கணவரின் 'கெட்டித் தகடு' வாதத்துக்கு வருகிறேன். இது அவருடைய தனிப்பட்ட நம்பிக்கை மட்டுமல்ல. என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், பானட்டைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு இதையே சொல்வார்கள். மோதலில் வண்டி நசுங்காமல் இருந்தால், அதன் வேகத்தை வேறு யார் வாங்கிக்கொள்வது? உள்ளே இருப்பவரின் நெஞ்செலும்புதான். இன்றைய காரின் முன்பகுதி திட்டமிட்டே மடிந்து நசுங்கும்படி செய்யப்படுகிறது. ஆட்கள் இருக்கும் கூண்டு மட்டும் உறுதியான எஃகில் நசுங்காமல் நிற்கும். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆய்வு மையம் ஒன்று 2009-இல் இதைக் கண்முன்னே காட்டியது. 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர், உள்ளே மனித உருவப் பொம்மைகளை வைத்து, ஓட்டுநர் பக்கமாக மோதவிட்டார்கள். பழையது பார்வைக்குக் கப்பல்போல இருந்த வண்டி. அதில் ஆட்கள் அமரும் பகுதியே சிதைந்து, உண்மையான ஓட்டுநர் இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டார் என்ற நிலை ஆனது. புதிய வண்டியின் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் அளவுக்கே பாதிப்பு. உங்கள் பத்மினியில் ஸ்டியரிங் தண்டு மடங்காத ஒரே இரும்புக் கம்பி என்பதையும், காற்றுப்பை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை என்பதையும், பின்னாளில் யாரேனும் சீட் பெல்ட் மாட்டியிருந்தாலும் அது பிடித்திருக்கும் தகடு துருவேறியிருக்கலாம் என்பதையும் உங்கள் கணவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஏற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எந்தப் பெட்ரோல் எஞ்சினும், புதியதோ பழையதோ, அதே அளவு திறனை இழக்கும். புதிய கார்கள் மலையில் பலம் குறையாது என்பது தவறான எண்ணம். 85 குதிரைத்திறனில் ஆறில் ஒரு பங்கு போனால் எழுபது மிஞ்சும், 40-இல் போனால் முப்பத்துச் சொச்சம்தான் மிஞ்சும், வித்தியாசம் அவ்வளவே. ஆனால் எரிபொருள் கலவை என்று வரும்போது கதை வேறு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டர் சமவெளிக்கு ட்யூன் செய்யப்பட்டிருந்தால், மலையில் காற்று குறைந்ததை அறியாமல் அதே பெட்ரோலை ஊற்றும். பிளக் கரி படியும், புகைபோக்கி கறுக்கும். இன்றைய வண்டியில் சென்சார்கள் காற்றின் அழுத்தத்தையும் புகையிலுள்ள ஆக்ஸிஜனையும் அளந்து அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன. மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி கிடக்கும் காலைகளில், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்து, ஐந்து நிமிடம் எஞ்சினைக் கெஞ்சிவிட்டுப் புறப்படும் பழக்கம் உங்கள் மாமனாருக்கு இருந்திருக்கும். பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய உங்களுக்கு அது பிடிக்காது.

இவ்வளவும் சொன்னபிறகு, பழைய வண்டியின் பக்கம் நின்றும் பேசியாக வேண்டும். நானும் ஒரு பழைய வண்டி வைத்திருப்பவன். பத்மினி எதையும் சொல்லாமல் செய்யாது. தீப்பொறிக்கான பாயிண்ட் தேய்ந்தால் இருமும், வால்வின் டேப்பட் தளர்ந்தால் தையல் இயந்திரம்போலத் தட்டும், வாட்டர் பம்ப் போவதற்கு ஒரு வாரம் முன்பே முனகும். கல்லாற்று வெயிலில் ஏற்றத்தில் நின்றுவிட்டால், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால் மறுபடியும் கிளம்பிவிடும். டேங்கில் கசிவு என்றால் சோப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்து அடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு, வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத கார் ஒன்றை எலி கடித்த ஒரே ஒரு வயருக்காக இழுவை வண்டியில் கோவைக்கு அனுப்பினேன். அந்த வயர்த் தொகுதி வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. விறகும் உருளைக்கிழங்கும் அடுக்கிய கொட்டகையில் காரை நிறுத்தும் நம் ஊர் வழக்கத்துக்கு இது சிறிய விஷயம் இல்லை. பழைய வண்டியைப் புரிந்துகொள்ள இரண்டு ஸ்பேனரும் காதும் போதும். புதியதற்குக் கணினி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பத்மினி சொல்வதைக் கேட்கக் காது உள்ளவர் உங்கள் வீட்டில் மாமனார் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அந்தக் காது இல்லாதவர் தினமும் ஓட்டும்போது, பழைய வண்டியின் இந்தப் பெரிய நற்குணம் பயனின்றிப் போகிறது.

அடுத்தது ஈரம். நம் மலையில் கார் ஓடித் தேய்வதைவிட நின்றே அதிகம் தேய்கிறது. கண்ணாடி ரப்பரின் ஓரத்தில் பச்சைப் பாசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால், கதவின் அடிமடிப்புக்குள்ளும் மிதியடிக்குக் கீழுள்ள தரைத்தகட்டிலும் துரு தொடங்கியிருக்கும் என்று கொள்ளலாம். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் அது தெரியாது, நிற்கவும் நிற்காது. டேங்கில் ஆறு ஆண்டுகளாகக் கிடக்கும் பெட்ரோலை முழுவதும் இறக்கிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வான டயாஃபிரத்தையும் ஊதவைத்துப் பிளக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இதற்குச் சில ஆயிரம்தான் ஆகும்.

ஆர்.சி. விஷயத்தில் இரண்டு செய்திகள். சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டுக்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு உண்டு. உங்களுடையது காலாவதியாகிவிட்டதால், முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிக்கொண்டு, தாமதக் கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அதுவரை அதைச் சாலையில் ஓட்டினால் விபத்தில் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். இன்னொன்று, 'வின்டேஜ் என்று பதிவு செய்துவிடலாம்' என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி அதற்கு வண்டிக்கு ஐம்பது வயது நிரம்ப வேண்டும்; உங்கள் பத்மினிக்கு 2028-இல்தான் நிரம்பும். அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். தினமும் பள்ளிக்கு ஓட்ட முடியாது. மேலும் அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். ஆகவே மூன்று லட்சம் கேட்பவர் அலாய் வீல், புது டாஷ்போர்டு என்று ஆசை காட்டினால், அந்த வாய்ப்பையும் சேர்த்துத்தான் கெடுக்கிறார்.

புதிய காரைத் தேர்ந்தெடுக்கும்போது திரையின் அளவையும் கூரைக் கண்ணாடியையும் பார்க்காதீர்கள். வளைவில் வண்டி வழுக்கத் தொடங்கினால் தானே சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடிக்கும் ஈ.எஸ்.சி., ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட், பின்கண்ணாடிக்கு வைப்பரும் பனிப்படலம் நீக்கும் டிஃபாகரும், ஸ்டெப்னிக்கு முழு அளவு டயர் ஆகிய நான்கையும் கேளுங்கள். கட்டபெட்டு பக்கம் மூடுபனியில் பளீரென்ற வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு சுவரில் அடித்ததுபோலத் திரும்பி உங்கள் கண்ணிலேயே விழும் என்பதால், தாழ்வாகப் பொருத்திய பனிவிளக்கு இருந்தால் நல்லது. கூடியவரை மேனுவல் கியரையே எடுங்கள்.

பத்மினிக்கு இப்போதைக்குச் செய்ய வேண்டியது சோதனை ஒன்றுதான். ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையைச் சற்று ஒத்திவைத்து, தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து நான்கு டிரம்களையும் கழற்றச் சொல்லுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்றே விலக்கினால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் தென்பட்டால் எல்லா வீல் சிலிண்டர்களையும், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவைக்கக் கூடாது. கோவையில் கிடைக்காத உதிரிபாகம் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். பிறகு தரைத்தகட்டை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகும் இடங்களில் சாக்பீஸால் வட்டமிட்டு, எத்தனை வட்டம் என்று எனக்கு எழுதுங்கள். மூன்று லட்சத்தில் எவ்வளவு தேவை, எவ்வளவு தேவையில்லை என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.